"அங்க கத்தின பிறகுதான் நமக்கு கோல் விழுது": மேட்ச் நேரக் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

டிவியில் ஓடும் மேட்ச் பாதியில் நின்றால் பெரும்பாலானோர் முதலில் செய்வது ரவுட்டரை அணைத்துப் போடுவதுதான். அவசரப்படாதீர்கள். ரவுட்டர் எழுந்து மறுபடி இணைப்பைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் அந்த நிமிடங்கள் தண்டம். கூரைமேல் ஆன்டெனா நின்ற காலத்தில் காற்றில் அது திரும்பிவிட்டதா என்ற ஒரே சந்தேகம்தான் இருந்தது. இப்போது படம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நாலு கை மாறுகிறது: ஒளிபரப்பு உரிமை வாங்கியவர், ஆப், இணைய இணைப்பு, கடைசியில் நம்ம டிவி. எந்தக் கையில் சிக்கியது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. அதே டிவியில் யூடியூபில் ஏதாவது ஒரு எச்டி வீடியோவைப் போடுங்கள். அதுவும் சுற்றினால் வீட்டு நெட்தான் காரணம். அது ஒழுங்காக ஓடி மேட்ச் மட்டும் நின்றால், செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே ஆப்பைத் திறங்கள். அங்கே ஓடினால் டிவியில் இருக்கும் ஆப்பை மூடித் திறந்து, அப்டேட் கேட்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் ஓடவில்லையா? கோளாறு ஆப் நடத்துகிறவர்கள் பக்கம். நாம் செய்ய ஒன்றுமில்லை, ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம்.

இனி ஒவ்வொரு புகாராக. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கிளப்புகளிலும் வீடுகளிலும் சொல்கிற வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன்.

"அங்க கத்தின பிறகுதான் நமக்கு கோல் விழுது"

இதுதான் தலையாய புகார். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று கால்பந்தில் ஊறிய கடற்கரை ஊர்களில் இது வெறும் எரிச்சல் அல்ல, சண்டைக்கே காரணம். கிளப்புக்குள் கேபிள் டிவி ஓடும். உள்ளே இடம் கிடைக்காத பையன்கள் வெளியே மதில்மேல் உட்கார்ந்து செல்போனில் பார்ப்பார்கள். பெனால்டி கிடைத்திருக்கிறது. செல்போனில் ஆட்டக்காரர் இன்னும் பந்தைக் குனிந்து வைத்துக்கொண்டிருக்கிறார்; உள்ளே கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். "லே, சொல்லித் தொலைக்காதல!" என்று வெளியே இருந்து ஒருவன் கத்துவான். கத்தி என்ன பயன்?

இது பழுது அல்ல, ஓடிடி, அதாவது இணையம் வழியாக ஆப்பில் வரும் ஒளிபரப்பு, வேலை செய்கிற முறையே அப்படி. செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் சிக்னல் மேலே போய்க் கீழே வர கால் விநாடிதான். படத்தைச் சுருக்குவது, காசு கட்டாதவர் பார்க்காதபடி பூட்டுவது எல்லாம் சேர்த்தாலும் டிடிஎச்சிலும் கேபிளிலும் தாமதம் சில விநாடிகளோடு முடிந்துவிடும். ஓடிடியில் அப்படி இல்லை. வரும் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நாலைந்து தரத்தில் தயார் செய்து, பல ஊர்களில் இருக்கும் சர்வர்களுக்கு அனுப்பிவைப்பார்கள். நம் செல்போன் அதிலிருந்து துண்டு துண்டாக இறக்கிக்கொள்ளும். இறக்கியதும் உடனே காட்டாது. ஆள் நிறைந்தால்தான் கிளம்புகிற ஷேர் ஆட்டோபோல, இரண்டு மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகே ஓட ஆரம்பிக்கும். பரவலாகப் பயன்படும் ஆப்பிளின் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு முதலில் 10 விநாடியாக இருந்தது, பிறகு 6 விநாடியாகக் குறைத்தார்கள். மூன்று துண்டு என்றாலே 18 விநாடி போயிற்று. வெட்டவும் அனுப்பவும் ஆகும் நேரம் தனி. அரை நிமிடம் பிந்துவது சர்வசாதாரணம்.

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். "50 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கினால் லேட் போகுமா?" போகாது. வேகம் கூடினால் படம் நிற்காமல் ஓடும், தெளிவாக இருக்கும், அவ்வளவுதான். துண்டின் நீளத்தை முடிவு செய்வது ஆப்காரர்கள். நீங்கள் பிளானை மாற்றியது அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

குறைக்க முடிந்தது கொஞ்சம் உண்டு. முதலில் உங்கள் தாமதம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். கால்பந்தில் திரையின் மூலையில் நிமிடமும் விநாடியும் ஓடுமல்லவா? கேபிள் வைத்திருக்கிற நண்பரைப் போனில் கூப்பிட்டு அங்கே எத்தனை என்று கேளுங்கள். 20 விநாடி வித்தியாசம் என்றால் அது இயல்பு. ஒன்றரை நிமிடம் என்றால் இடையில் எங்கோ நெட் தடுக்கி, உங்கள் ஆப் பின்தங்கிவிட்டது; பல ஆப்கள் தானாக விட்டதைப் பிடிக்காது. படத்தின்மேல் தொட்டால் 'லைவ்' என்ற பொத்தான் வரும், அதை அழுத்துங்கள். அப்படியும் முன்னே போகவில்லையென்றால் ஆப்பை முழுக்க மூடித் திறங்கள். போனை எடுக்க ஒரு நிமிடம் படத்தை நிறுத்திவைத்தவர்களுக்கும் இதே மருந்துதான்.

ஒரே வீட்டில் ஹாலில் ஒரு டிவி, அறையில் ஒரு செல்போன் என்று ஓடினால் இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது. ஒன்றை அணைத்துவிடுங்கள். கிளப்பிலும் அதேதான்: உள்ளே கேபிள் என்றால் வெளியே மதில்மேல் இருப்பவர்களுக்கும் அதே கேபிளிலிருந்து ஒரு ஒயர் இழுத்து இன்னொரு டிவி வையுங்கள். முக்கியமான மேட்சுக்கு கேபிளோ டிடிஎச்சோதான் என் தேர்வு. ஓடிடி என் பையிலும் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது அதற்கு ஈடில்லை; ஆனால் ஊரே கூடிப் பார்க்கிற ராத்திரிக்கு அது தோதுப்படாது.

மீதி இருக்கிறது மனிதர்களைச் சரிசெய்கிற வேலை. ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பு, கூகுள் அறிவிப்பு, வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றையும் மேட்ச் முடியும்வரை ஊமையாக்குங்கள். குவைத்திலிருக்கும் அத்தானிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: "அத்தான், கோல் விழுந்தா கூப்பிடாதீங்க, ரெண்டு நிமிஷம் பொறுத்துக் கூப்பிடுங்க." அவர் பார்ப்பது வேறு நாட்டு ஒளிபரப்பு, அதன் தாமதக் கணக்கு வேறு.

"சுத்திக்கிட்டே இருக்கு"

முதலில் சொன்ன யூடியூப் சோதனையில் வீட்டு நெட்தான் காரணம் என்று தெரிந்தால் மேற்கொண்டு படியுங்கள். முழு எச்டிக்கு நிலையாக 5 முதல் 8 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். 100 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும் சுற்றுகிறது என்றால் வேகம் வீட்டுக்குள்தான் செத்துப்போகிறது. ரவுட்டர் முன்னறையில் அலமாரிக்குப் பின்னால், டிவி இரண்டு கான்கிரீட் சுவர் தள்ளி என்று இருக்கும். ரவுட்டர் இருக்கிற அறையிலேயே டிவி இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள்; சுவர் தாண்ட வேண்டுமென்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான் தாக்குப்பிடிக்கும், ஆனால் வேகம் குறைவு. எல்லாவற்றையும்விட ஒரு லேன் கேபிள் வாங்கி ரவுட்டரிலிருந்து டிவிக்கு இழுத்துவிடுவது மேல். அழகாக இருக்காது, ஆனால் நிற்காது.

காலையில் நன்றாக ஓடி ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் சுற்றினால், இணைப்பு தருகிறவர் தன் லைனில் அளவுக்கு மேல் வீடுகளை ஏற்றியிருக்கிறார். இரண்டு நேரத்திலும் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அவரிடம் காட்டுங்கள். அதுவரை ஆப்பில் தரத்தைத் தானியங்கியில் விடாமல் 720-இல் நீங்களே நிறுத்திவையுங்கள்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே கேபிள் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் கிளை, கடற்கரைப் பக்கம் தென்னை மட்டை, ஏதோ ஒன்று கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போகிற ஒயர்மேல் விழுந்துகொண்டேதான் இருக்கும். நீங்களாக அந்த மெல்லிய கேபிளைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம். அதற்குள் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். லைன்மேனைக் கூப்பிடுங்கள், அதையும் மேட்ச் தொடங்கும் முன்பே.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நின்றால் அது கூட்ட நெரிசல். கத்தார் உலகக்கோப்பையின் தொடக்க ஆட்டம் 2022 நவம்பர் 20 அன்று ஜியோசினிமாவில் இலவசமாக வந்தபோது நாடு முழுக்கச் சுற்றிச் சுற்றி நின்றது. நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 19, கிரிக்கெட் உலகக்கோப்பையின் இந்தியா ஆஸ்திரேலியா இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு சொன்னார்கள். இந்த அளவுக் கூட்டத்தில் டாஸ் போடுகிற நேரமும் கடைசி ஓவரும்தான் ஆபத்து, காரணம் எல்லாரும் அப்போதுதான் உள்ளே வருவார்கள். கால் மணி நேரம் முன்பே லாகின் செய்து உட்கார்ந்துவிடுங்கள்.

"சத்தம் வருது, படம் கறுப்பா இருக்கு"

புரொஜெக்டர் வைத்துப் பார்க்கிற இடங்களில் வருகிற புகார். லேப்டாப்பில் படம் தெரியும், திரையில் கறுப்பு, கமென்டரி மட்டும் கேட்கும். காரணம் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு. லேப்டாப், எச்டிஎம்ஐ கேபிள், நடுவில் மாட்டிய ஸ்பிளிட்டர், புரொஜெக்டர் எல்லாம் அந்தப் பூட்டுக்கு ஒத்துழைக்க வேண்டும். வரிசையில் ஏதோ ஒன்று பழையதாக இருந்தால் ஆப் படத்தை நிறுத்திவிடும்.

நடுவில் இருக்கிற எல்லாவற்றையும் கழற்றி, ஒரே எச்டிஎம்ஐ கேபிளில் நேராக மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் ஸ்பிளிட்டர்தான் குற்றவாளி. வரவில்லையென்றால் கேபிளை மாற்றுங்கள். அப்படியும் இல்லையென்றால் புரொஜெக்டரே பழசு. விஜிஏ முனை மட்டும் உள்ளதில் இந்த விளையாட்டு நடக்காது. செல்போன் திரையை டிவிக்கு மிரர் செய்யும்போதும் இதே கறுப்பு வரும். மிரர் செய்யாமல் ஆப்புக்குள்ளேயே இருக்கிற காஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓடிடி சந்தா வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். டிக்கெட் போட்டோ, கடைக்கு ஆள் வரவழைக்கவோ பெரிய திரையில் போடுவதென்றால் தனி அனுமதி வேண்டும். மைக் செட்டுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குகிற நாம் இதை மட்டும் யோசிப்பதே இல்லை.

"நெட் நல்லா இருக்கு, ஆனா படம் மங்கல்"

மலிவு விலை ஆண்ட்ராய்டு பெட்டிகளில் வருவது. வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1 சான்று இல்லாத கருவிக்கு ஓடிடிக்காரர்கள் எச்டி தர மாட்டார்கள்; எல்3 என்றால் பழைய டிவிடி அளவுப் படம்தான். செட்டிங்கை எவ்வளவு நோண்டினாலும் இது மாறாது. வாங்கும் முன்பே கடைக்காரரிடம் எல்1 இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் முழித்தால் வேறு கடை.

"கமென்டரி மலையாளத்தில் பேசுது"

களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இதைப் பலர் கோளாறு என்றே சொல்வதில்லை. கால்பந்துக்கு மலையாளக் கமென்டரிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற வீடுகள் உண்டு. மாற்ற வேண்டுமென்றால், ஓடும் படத்தின்மேல் தொட்டு மொழி அல்லது ஆடியோ என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். சில ஆப்களில் ஒவ்வொரு மொழியும் தனி ஒளிபரப்பாக இருக்கும். அப்போது மேட்ச் பக்கத்துக்குத் திரும்பிப் போய்த்தான் மாற்ற முடியும். 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா 12 மொழியில் தந்தது, போஜ்புரி உட்பட. தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டால் அங்கேயும் போய் நிற்கலாம்.

"இந்த மேட்ச் எந்த ஆப்பிலும் இல்ல"

இது கருவிக் கோளாறே அல்ல, ஆனால் தலைவலி இதில்தான் அதிகம். டிவி உரிமையும் டிஜிட்டல் உரிமையும் இப்போது தனித்தனியாக விற்கப்படுகின்றன. 2022 ஜூனில் ஐபிஎல் ஏலம் நடந்தபோது 2023 முதல் 2027 வரைக்கும் இந்திய டிவி உரிமை 23,575 கோடிக்கு ஸ்டாருக்கும், டிஜிட்டல் உரிமை, பிறகு ஜியோசினிமாவை நடத்திய வயாகாம்18-க்கும் போனது. அதனால் ஒரே மேட்ச் டிவியில் ஒரு நிறுவனம், செல்போனில் அதன் போட்டி நிறுவனம் என்று ஓடியது. பிறகு ஸ்டாரின் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் சேர்ந்து 2025 பிப்ரவரி 14 முதல் ஜியோஹாட்ஸ்டார் ஆனது. அதே 2025-இல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது டிவியில் சோனி, ஆப்பில் ஜியோஹாட்ஸ்டார். சோனி சேனலில் விளம்பரம் பார்த்துவிட்டு சோனிலிவ் ஆப்பில் மேட்சைத் தேடியவர்கள் ஏமாந்தது இப்படித்தான்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. இரவிபுத்தன்துறையின் கால்பந்து ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர், ஏடிகே அணிகளுக்கு ஆடிய சீசன்களில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பார்க்க ஹாட்ஸ்டார் போதும். 2023-24 சீசனில் அதே லீக் ஜியோசினிமாவுக்கு மாறிவிட்டது. லீக் அதேதான், ஆட்டக்காரர்கள் அதேதான். கடை மட்டும் மாறியது.

ஆகவே சந்தா கட்டும் முன் அந்தத் தொடருக்கு இந்த சீசன் டிஜிட்டல் உரிமை யாரிடம் என்று போட்டி நடத்தும் அமைப்பின் தளத்தில் பாருங்கள். சேனல் பெயரை வைத்து ஆப்பை ஊகிக்காதீர்கள். ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும். ஒரே தொடருக்காகப் பார்ப்பவர்கள் மாதச் சந்தா கட்டிவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை அன்றே நிறுத்துவது நல்லது.

இதோடு சேர்ந்த இன்னொரு புகார்: "பக்கத்து வீட்டு டிடியில இந்தியா மேட்ச் வருது, நம்ம கேபிள் டிடியில வேற ஏதோ ஓடுது." 2007-இல் வந்த சட்டப்படி தேச முக்கியத்துவம் உள்ள மேட்சுகளை உரிமையாளர், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். ஆனால் அந்தப் படத்தை தூர்தர்ஷன் தன் சொந்த ஒளிபரப்பிலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் டிடிஎச்சிலும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டில் இருப்பது ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லாதது; இந்திய அணியின் முக்கிய மேட்சுகள் மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு அந்தக் குடை ஆன்டெனா ஒன்றே நிறைய.

"உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று வருகிறது

சவூதியிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைக்கு இங்கே கட்டிய சந்தாவை அனுப்பினால் வருகிற செய்தி. உரிமை நாட்டுக்கு நாடு தனி. கத்தார் உலகக்கோப்பை அங்கே பிஇன் ஸ்போர்ட்ஸில், இங்கே ஜியோசினிமாவில். அங்குள்ள சந்தாவை அங்கேதான் எடுக்க வேண்டும்.

"வேறு கருவியில் ஓடுகிறது" என்று வெளியே தள்ளுகிறது

பெங்களூரில் இருக்கிற சித்தப்பா மகன் உள்ளே இருக்கிறான், வேறொன்றும் இல்லை. கணக்குப் பக்கத்தில் போய் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்துங்கள். ஓடிபி உங்கள் எண்ணுக்கு வருகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய சிம்மில் கணக்கு தொடங்கியிருந்தால் நீங்களும் வெளியேதான். செல்போனுக்கு மட்டுமான மலிவுப் பிளான் டிவியில் ஓடாது, அதுவும் இதே மாதிரிச் செய்தியாக வரலாம்.

"பாதி மேட்ச்ல டேட்டா தீர்ந்துட்டு"

5 எம்பிபிஎஸ் படம் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி தின்னும். நாலு மணி நேர டி20 என்றால் 9 ஜிபி. நாளொன்றுக்கு 2 ஜிபி பிளானில் பவர்பிளே முடிந்து கொஞ்ச நேரத்தில் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் ஸ்கோர்கூடத் தடுமாறித்தான் வரும். மொபைல் டேட்டாவில் பார்க்கும்போது டேட்டா சேமிப்புத் தரத்துக்கு மாற்றுங்கள். ஆறு அங்குலத் திரையில் முழு எச்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

"கரண்ட் போய் வந்த பிறகு ஆப் திறக்கல"

டிவியில் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா பாருங்கள். கரண்ட் போனதில் அது பழைய தேதிக்குப் போயிருந்தால் பாதுகாப்புச் சான்று ஒத்துப்போகாமல் எந்த ஆப்பும் உள்ளே விடாது. தானியங்கி நேரம் என்று மாற்றினால் சரியாகிவிடும். ஃபைபர் பெட்டி எழுந்து விளக்கு நிலையாக எரிந்த பிறகே டிவியைப் போடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரவுட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது. பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போனால் டிவியும் போகுமே என்கிறீர்களா, செல்போன் இருக்கிறதே.

பெருமழையில் டிடிஎச் "சிக்னல் இல்லை" என்று காட்டுவது மழைத்துளி அலையைக் குடித்துவிடுவதால். குடையைத் திருக வேண்டாம், மழை விட்டால் தானாக வரும். அந்த நேரம் ஃபைபர் அறுந்திருக்காவிட்டால் ஓடிடிதான் கைகொடுக்கும்.

"கடலிலிருந்து வந்து பாக்கணும், ரிசல்ட் தெரியக்கூடாது"

தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனவர்களுக்கு இது பெரிய சவால். கரையை நெருங்கி சிக்னல் வந்ததும் வாட்ஸ்அப்பைத் திறக்காதீர்கள், ஒரு குரூப்பாவது ஸ்கோரைச் சொல்லிவிடும். ஆப்பைத் திறந்தாலும் முகப்பிலேயே கோப்பையோடு நிற்கிற படத்தைப் போட்டு வைத்திருப்பார்கள். வீட்டில் யாரையாவது மேட்சைத் தேடி எடுத்து முதல் நிமிடத்தில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். திரையை அதன் பிறகு பாருங்கள். முழு ஆட்டத்தை எல்லா ஆப்பும் நெடுநாள் வைத்திருப்பதில்லை, சில நாட்களில் சுருக்கம் மட்டும் மிஞ்சும். அதனால் கடலுக்குப் போகும் முன்பே ஏற்பாடு செய்வதுதான் புத்தி: பதிவு வசதி உள்ள டிடிஎச் பெட்டியில் பென்டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ மாட்டி, மேட்ச் நேரத்தைக் குறித்துவிட்டுப் போங்கள். கூடுதல் நேரமும் பெனால்டியும் வரலாம், முடிவு நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளியே வையுங்கள். பதிவானது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பென்டிரைவைக் கழற்றி மச்சான் வீட்டு டிவியில் போட்டால் ஒன்றும் தெரியாது.